பூரான் இருக்கிற வீடு

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. குளியலறைச் சுவரில் ஒரு பூரான் போய்க்கொண்டிருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. எழுந்து போய் எடுத்துவர மனமில்லாமல், பிழைத்துப் போ என்று விட்டுவிட்டேன். அந்த வாரத்திலிருந்து சமையலறையில் கரப்பான் நடமாட்டம் குறைந்தது. சம்பளம் கேட்காத வேலையாள் கிடைத்துவிட்டான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை வைத்து நாலு பேர் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

'அந்த வீட்டில் இரண்டு கால்காரர்கள் இரண்டே பேர்; மற்றவர்களுக்கெல்லாம் கால் எண்ணி மாளாது.' முதல் வாக்கியம் இப்படி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அந்த இருவரில் ஒருவர் இருமினார். முடிக்கட்டும் என்று பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் முடிக்கவில்லை. என் சிரிப்புக் கதை அதோடு ஊற்றி மூடிக்கொண்டது.

2

இருமியவரை எல்லோரும் மருந்துக்காரர் என்பார்கள். வைத்தியர் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பூச்சிமருந்து அடித்தவர். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று முதலாளி சொன்னதை நம்பி வாழ்நாள் முழுக்க அடித்தார். இப்போது நெஞ்சு அரித்துப் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் அந்த வீட்டுக்குள் பூச்சிமருந்து வாசனையே வரக்கூடாது, வந்தால் அதுவே கடைசியாக இருக்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

(முதலில் அவரைப் பள்ளி வாத்தியாராகத்தான் வைத்திருந்தேன். வாத்தியாருக்குப் பூரானைப் பற்றிப் பெரிதாக என்ன தெரியும் என்று மாற்றினேன். அப்படி மாற்றியதால்தான் இந்த மனிதருக்கு இந்த நெஞ்சு வாய்த்தது.)

ஆனால் கதை அவருடையது அல்ல. அவர் மனைவியுடையது. துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிறவள். இனி அவள் பின்னாலேயே போகிறேன்.

3

அடுக்குமாடியில் தரைத்தளம் அவர்கள் வீடு. மேல் மாடிகளின் கழிவுக்குழாய் எல்லாம் அவர்கள் சமையலறை ஓரமாகத்தான் இறங்குகிறது. ஊரான் வீட்டுக் கரப்பான் எல்லாம் அவள் வீட்டு விருந்தாளி. அந்தப் பூச்சி விடும் தூசுகூட அவருக்கு ஆகவில்லை. தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். பக்கத்தில் அவளும் தூங்கவே இல்லை.

அப்புறம் பூரான்கள் வந்தன. அவள் துடைப்பத்தை ஓங்கினாள். அவர் தடுத்தார்.

"அடிக்காத. அது நம்ம ஆளு."

தீனி இருக்கிற இடத்துக்குத்தான் பூரான் வரும், வந்தால் கரப்பானை விடாது என்று தொழில் தெரிந்தவராகச் சொன்னார். அப்படியே நடந்தது. போர்வையை உதறிப் படுப்பது, செருப்பைத் தட்டிப் போடுவது, ஈரத்துணியைத் தரையில் விடாமல் இருப்பது என்று அவள் பழகிக்கொண்டாள். அருவருப்பு என்னவோ போகவில்லை. சுவரில் ஒன்று நெளிந்தால் இன்னும் அவளுக்கு உடம்பு கூசும். ஆனால் மனுஷன் முதுகைக் கிடத்தித் தூங்கினார். அந்தக் குறட்டைக்காக அவள் பாம்பைக்கூட வளர்த்திருப்பாள்.

4

'மகள் கல்நெஞ்சுக்காரி என்பதால்—'

இல்லை. அவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசையாக வந்தவள் அவள். பாயில் குழந்தையின் தலைமாட்டில் ஒரு பூரானைப் பார்த்தாள். வாரி எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

"காதுக்குள்ள பூந்திருந்தா என்னம்மா பண்ணுவேன்? ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

மருந்தடிக்கச் சொல்லி மகள் கேட்கவும் இல்லை, அப்பாவின் நெஞ்சு அவளுக்கும் தெரியும். வராமல் இருந்தாள், அவ்வளவுதான். அவள் வீடோ லிஃப்ட் இல்லாத உச்சி மாடி. இவரால் வாசற்படியே ஏற முடியாது.

(வாசலிலேயே வைத்துக் காட்டலாமே என்பீர்கள். ஒரு நாள் கொண்டுவந்து காட்டினாள். தெருத் தூசியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குழந்தை மிரண்டு வீறிட்டது. எடுத்துட்டுப் போ என்று கைகாட்டியவர் அவரேதான்.)

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. குழந்தை ஒரு வாரமாவது இந்த வீட்டில் தங்க வேண்டும். இந்தத் தரையில் தவழ வேண்டும். தாத்தாவின் இருமல் அதற்குப் பழகிப்போக வேண்டும்.

5

அவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடிக்க நானும் முட்டிமோதினேன். வேறு வீடு பார்த்தேன்: எங்கே பார்த்தாலும் புதுச் சுண்ணாம்பு, பெயிண்ட், மாடிப்படி. கரப்பானுக்கு வாசனையில்லாத பசை வைத்தேன்: வைக்க வைக்கக் குழாய் வழியாக இறங்கிக்கொண்டே இருந்தன. பூரானை ஒரே வரியில் கொன்றுவிட்டேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் கரப்பான் திரும்பியது, அவர் மறுபடி உட்கார்ந்து தூங்கினார். அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். கதை எழுதுகிறவன் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், சுத்தப் பொய்.

6

கம்பெனியில் கரண்ட் போனதால் அவள் மத்தியானமே வீடு திரும்பினாள். சமையலறையில் தட்டு, டம்ளர், சட்டி எல்லாம் கவிழ்ந்திருந்தன. மேலே செய்தித்தாள் போர்த்தியிருந்தது. தண்ணீர்க் குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது. அடுப்பைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்திருந்தது. மருந்தடிக்கப் போகிற வீட்டில் முன்கூட்டி என்னென்ன செய்ய வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவர் பெருமையாகச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வரிசை தப்பாமல் செய்யப்பட்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தன்னோடு வேலை பார்த்த கூட்டாளியைச் சாயங்காலம் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவன் வீட்டிலேயே சில நாள் தங்கிக்கொள்வாராம். ஜன்னலைத் திறந்து வைத்தால் வாசனை போய்விடுமாம். வாசனை போகும். மருந்து போகாது. அடித்தால் மூன்று மாதம் சுவரை விட்டு அசையாது என்று அவரே வீடு வீடாக உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

"அடிச்சா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியாதா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் அது இங்க தவழட்டும். எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாதுங்க."

அவள் செய்தித்தாளை உருவிப் போட்டாள். தட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பாதித் தட்டில் அவள் கை நின்றுவிட்டது.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் மருந்து அடித்தாயிற்று. குழந்தை வந்தது. தாத்தாவின் இருமலைக் கேட்டுக் கேட்டுப் பழகி, தானும் பொய்யாக இருமிக் காட்டிச் சிரித்தது. அந்த ஒரு வாரத்தை ஒரே மூச்சில் எழுதினேன். அடுத்த நாளை எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

இன்னொன்றில் அவள் எல்லாத் தட்டையும் நிமிர்த்திவிட்டாள். அவர் நெடுநாள் இருந்தார், சுவரைப் பார்த்தபடி. சோறு வைத்தால் சாப்பிட்டார். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பூரான்கள் ஒழுங்காகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியாக, மகள் மனமிளகிக் குழந்தையோடு வந்தாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவள் குழந்தையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் கிளம்பிவிட்டாள். போகிறவளை யாரும் தடுக்கவில்லை.

இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

கூட்டாளி டப்பாவோடு தெருமுனைக்கு வந்துவிட்டான். அவனை டீக்கடையில் உட்கார வைத்தேன். தெரிந்தவன் ஒருவனை எதிரே அனுப்பி, நின்று பேச வைத்தேன். டப்பாவின் வாரை அறுத்து விட்டேன், முடிச்சுப் போட்டுக்கொண்டு நடக்கிறான். இனி அவனை நிறுத்த என்னிடம் ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை.

சமையலறையில் பாதித் தட்டுகள் நிமிர்ந்திருக்கின்றன, பாதி கவிழ்ந்திருக்கின்றன. அவள் கையில் ஒரு தட்டு இருக்கிறது. என்னை நம்பிப் பயனில்லை என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவள் பார்ப்பது உங்களை. இதை எப்படி வைக்கட்டும் என்று கேட்கிறாள்.