இருபத்தைந்தாவது கிலோமீட்டர்

அந்த டீசல் கார் ரௌனோவின் பட்டறைக்கு வந்தது முந்தைய நாள் மாலையில். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது, மேட்டில் இழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள் இர்யா. ஏரியின் அக்கரையில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போடும் செவிலி அவள். பள்ளியில் ரௌனோவுக்கு அடுத்த பெஞ்சு. அவளை அவனுக்குப் பிடிக்கும். முப்பது வருடமாக அதைச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறான். கோழை என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டான்.

காரை வேண்டுமென்றே வெளியில் விட்டுவைத்தான். இரவெல்லாம் உறைந்த எஞ்சினில் வெப்பம் அளக்கும் சென்சார்கள் எல்லாம் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வெளியே என்ன குளிரோ அதே எண். எது பொய் சொல்கிறதோ அது அப்போது தனியாக மாட்டிக்கொள்ளும்.

காலை ஆறரைக்கு ஸ்கேனரைச் செருகினான். வெளியே மைனஸ் இருபத்தாறு. குளிர்நீர் சென்சார் நான்கு என்றது. உள்ளே இழுக்கும் காற்று, நான்கு. டீசல், நான்கு. மைனஸ் இல்லை, வெறும் நான்கு.

ஒன்று பொய் சொல்லலாம், மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமா? மூன்றுக்கும் பொதுவான எர்த் கம்பியைத் தேடிப் போனான். பேட்டரிக்கு அடியில் அது அரித்துப் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் தேய்த்து இறுக்கியதும் மூன்றும் மைனஸ் இருபத்தாறுக்கு வந்தன. அவ்வளவுதான் என்று கையைத் துடைத்தான்.

ஆனாலும் நான்கு என்ற எண் அவனை விடவில்லை. ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு அந்த எண் தெரியும். மேலே எவ்வளவு உறைந்தாலும் பனிக்கட்டிக்கு அடியில், அடியாழத்தில், தண்ணீர் நான்கு டிகிரியில்தான் கிடக்கும்.

பழுது ஏற்படும் நொடியில் கார் தன் எண்களை எல்லாம் ஒரு படம்போலப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைத் திறந்தான். வெப்பம் நான்கு. வேகம் முப்பத்தொன்று. ஆக்சிலரேட்டர் மிதி பூஜ்யம். ஓடிய தூரம் 2,14,386.

எட்டிக் காரின் மீட்டரைப் பார்த்தான். 2,14,361.

இன்னும் ஓடாத இருபத்தைந்து கிலோமீட்டரை அது எப்படிப் பதிந்தது? அழித்தான். திரும்ப வந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. நான்கு டிகிரி என்றால் ஏரியின் அடி என்று மறுபடி நினைத்தான்.

ஏழு மணிக்கு இர்யா வந்தாள், வாயில் உப்பு மிட்டாய். "என்னடா, உயிர் வந்துச்சா என் குதிரைக்கு?"

"வந்துச்சு. ஆனா இன்னிக்கு ஏரி மேல போகாத. ரோட்டு வழியா சுத்திட்டுப் போ."

"அறுபது கிலோமீட்டரா? எட்டரைக்குள்ள ஏவெர்ட் தாத்தாவுக்கு சர்க்கரை ஊசி போடணும்டா. லேட்டானா அந்த மனுஷன் ஊசிக்காக சாப்பிடாம காத்திருந்து மயங்கி விழுவாரு. ஏரி மேல பனிக்கட்டி அரை மீட்டர் கனம் இருக்கு, லாரியே போகுது!"

"இர்யா, ஒரு தடவ நான் சொல்றத கேளு. காரணம் கேக்காத."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? சரி, சுத்தியே போறேன். ஏவெர்ட்கிட்ட உன் பேரச் சொல்லித்தான் திட்டு வாங்குவேன்."

கைபிரேக்கைத் தொடாமலே காரை நகர்த்தினாள். பனிக்காலத்தில் இங்கே எவரும் அதைப் போடுவதில்லை. போட்டால் சக்கரத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். சிவப்பு விளக்குகள் சாலைத் திருப்பத்தில் மறைந்தன. ரௌனோ காபி ஊற்றிக்கொண்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

சாய்ந்தவன் இருபது நிமிடம் கழித்துத்தான் கணக்குப் போட ஆரம்பித்தான். இங்கிருந்து கரைக்கு ஆறு. பனிக்கட்டி மேல் ஏழு. பதிமூன்றிலேயே ஏரி முடிந்துவிடும். அதன் பிறகு நாள் முழுக்க அவளுக்கு அக்கரையில்தான் வேலை. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் அவள் கெட்டித் தரையில் இருந்திருப்பாள்.

அப்படியானால் சாலையில் இருபத்தைந்து எங்கே வரும்?

காபி மேசையில் கவிழ்ந்தது. அந்த இடத்தில்தான் ஜலசந்திப் பாலம் இருக்கிறது. நீரோட்டம் வேகமாக இருப்பதால் எந்தப் பனிக்காலத்திலும் உறையாத கறுப்புத் தண்ணீர். தண்ணீர் என்றதும் பனிக்கட்டியைத்தான் நினைத்தான், மடையன். அவளை அவனே அங்கே அனுப்பிவைத்திருக்கிறான்.

மூன்றாவது அழைப்பில் எடுத்தாள். "என்னடா, அதுக்குள்ள என் ஞாபகம் வந்துடுச்சா?"

"மீட்டர்ல எவ்வளவு?"

"முன்னூத்தி எண்பத்தஞ்சு. இதோ பாலத்துக்கு இறங்குற சரிவுல—"

"நிறுத்து! ஓரமா நிறுத்து இர்யா!"

"கத்தாதடா, காது போச்சு. நிறுத்திட்டேன், போதுமா?"

"கீழ இறங்கு. கார விட்டுத் தள்ளி நில்லு."

"எஞ்சின் ஓடுதுடா. இந்தக் குளிர்ல ஆஃப் பண்ணா..."

"ஓடட்டும்! இறங்கு!"

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பனியில் காலடிகள் நறநறத்தன. "இறங்கியாச்சு. மூக்கு விழுந்துடும் போலருக்கு. இப்பவாவது என்ன விஷயம்னு சொல்லித் தொலை. பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு, இல்ல..."

பேச்சு நின்றது.

"ரௌனோ, கார் நகருது. தானா நகருதுடா. டேய், வேகம் புடிக்குது!"

தொலைவில் பாலத்துக் கைப்பிடியின் இரும்பு மடங்கும் சத்தம். அதைத் தொடர்ந்து தண்ணீரின் சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை, ஏதோ வாய் திறந்து மூடியதுபோல.

"ரௌனோ," என்றாள் கடைசியில். "லைட்டு இன்னும் உள்ள எரியுதுடா. அடியில தெரியுது."

"பாக்காத. அங்கயே நில்லு. நான் வரேன்."

ஏவெர்ட்டின் ஊசிக்கு வேறொரு செவிலியை அனுப்பச் சொல்லித் தகவல் கொடுத்துவிட்டு, மேல்சட்டையை எடுக்கத் திரும்பினான். மேசையில் ஸ்கேனர் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான்கு டிகிரி. வேகம் முப்பத்தொன்று. மிதி பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைக் காலையில் பார்த்தபோது உயிரற்ற ஒரு கால்தான் அவன் மனதில் வந்தது. மிதியின் மேல் காலே இல்லை, காரில் அவளே இல்லை என்று அது முதலிலேயே சொல்லியிருக்கிறது. ரௌனோ தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத பட்டறையில், வாய்விட்டு அழுதான்.