தடையுத்தரவில் நின்ற காய்ச்சல்

எங்கள் ஊர் சிவில் கோர்ட், எமனையே பதினோரு வருஷம் வாசலில் நிற்கவைத்த கோர்ட். மற்ற ஊர்க் கோர்ட்டுகள் மந்திரிகளைக் கூண்டில் ஏற்றியிருக்கலாம். எமனை வாய்தாவுக்கு அலையவிட்டது இது ஒன்றுதான். அதையும் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு பாகப்பிரிவினை வழக்கின் இடைக்கால உத்தரவில் போகிற போக்கில் நடந்துவிட்டது.

வழக்குப் போட்டவர் தராசுக்கடைக்காரர். அளந்து பார்க்காத எதையும் நம்பாதவர். மனைவி கொட்டாவி விட்டால்கூட அகலம் கேட்பார் என்று தெருவில் பேச்சு. அண்ணன் இறந்ததும், அப்பா விட்டுப்போன வீட்டிலும் அதிலுள்ள பொருள்களிலும் தனக்குச் சரிபாதி வேண்டுமென்று அங்கே குடியிருந்த அண்ணி மேல் வழக்குத் தொடுத்தார். அண்ணி தையல்காரி, ஆறு வயதில் ஒரு மகள். வழக்கு முடிவதற்குள் அண்ணி எதையாவது விற்றுவிடுவாளோ என்று பயந்து, வீடும் வீட்டுக்குள் இருக்கும் எல்லாமும் மறு உத்தரவு வரும்வரை இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்றொரு தடையுத்தரவும் வாங்கினார். கோர்ட் அமீனா அதைக் கதவில் ஒட்ட வந்த மத்தியானம், உள்ளே கட்டிலில் குழந்தைக்கு நூற்றைந்து டிகிரி காய்ச்சல். "சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அப்போதுதான் தெருவில் இறங்கியிருந்தார். தையல்காரியும் தெருவில் நின்றபடி நகலுக்குக் கையெழுத்துப் போட்டாள். அமீனா காகிதத்தின் கடைசி மூலையை உள்ளங்கையால் தேய்த்தார். வீடு நின்றது.

நின்றது என்றால் முழுசாக நின்றது. குழாயிலிருந்து விழுந்த சொட்டு பாதி வழியில் தொங்கியது. அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்துக்கு வெளியே எட்டிப்பார்த்த கோலத்திலேயே இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. குழந்தை சாகவில்லை, பிழைக்கவும் இல்லை. "குளிருதும்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்தார். மருந்து உத்தரவுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த பொருள், காய்ச்சலோ உத்தரவில் அடங்கியது; அதனால் மருந்தால் அதைத் தொட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கினார்கள். தெருவே திரண்டு தள்ளியும் கட்டில் வாசற்படியைத் தாண்டவில்லை. "விட்டுடுங்கம்மா," என்றார் டாக்டர். "உத்தரவு இருக்கிறவரைக்கும் உசுரு இருக்கும். அது போற அன்னிக்கு, நின்னுபோன சாயங்காலம் திரும்ப வந்துடும்."

அன்றிலிருந்து தையல்காரிக்கு வழக்கில் ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம். முடியாமல் இருந்தால் போதும். தேடிப் பிடித்து அமர்த்தியவரின் பெயரே வாய்தா வக்கீல். பல்வலி என்று சொல்லி அவர் வாங்கிய வாய்தாக்களைக் கூட்டினால் அவர் வாயில் நூற்றுச் சொச்சம் பற்கள் இருந்திருக்க வேண்டும். குழந்தையோடு ஒன்றாம் வகுப்பில் படித்த பையன்களுக்கு மீசை அரும்பியது. குழந்தையின் சட்டை அளவு மட்டும் மாறவில்லை. அதைத் தைத்தவளுக்குத் தலை நரைத்து, ஊசியில் நூல் கோக்கக்கூட ஆள் தேவைப்பட்டது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கட்டிலின் ஓரத்தில் யார் உட்காருவார்கள் என்று நினைத்து, மிதித்த மிஷினை நிறுத்திவிட்டு அழுவாள்.

கோர்ட் வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் தராசுக்கடைக்காரர் விடமாட்டார். "அண்ணி, நல்லா நடிக்கிறீங்க. இத்தனை வருஷமா யாருக்காவது காய்ச்சல் அடிக்குமா?"

"ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க தம்பி."

"உள்ள கால் வெச்சா கேஸ் கெட்டுடும்னு வக்கீல் சொல்லியிருக்காரு. அது தெரிஞ்சுதானே கூப்பிடுறீங்க?"

பிறகு புதிதாக ஒரு நீதிபதி வந்தார். வாய்தாவுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு என்பதைப் படித்தது மட்டுமல்லாமல் நம்பவும் செய்தவர். பல்வலி என்று எழுந்த வக்கீலிடம், "பல்லைப் பிடுங்கிட்டு வாங்க. இன்னிக்குத் தீர்ப்பு" என்றார்.

வக்கீல் தையல்காரியின் பக்கம் குனிந்தார். "பயப்படாதீங்கம்மா, பாதி வீடு உங்களுக்கு நிச்சயம்."

"தீர்ப்பு சொல்லிட்டா அந்தத் தடையுத்தரவு?"

"அது தானா செத்துடும்."

தையல்காரி எழுந்து நின்றாள். "எல்லாத்துலயும் பாதி கேக்குறாரே ஐயா, எம்பொண்ணு காய்ச்சல்லயும் பாதி எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். கோர்ட் சிரித்தது, டவாலிகூடச் சிரித்தார். சிரிக்காதவர் வாய்தா வக்கீல் மட்டும்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவகாசம் கேட்காமல், நின்ற இடத்திலேயே ஒரு திருத்த மனு எழுதினார்: பிரிக்க வேண்டிய சொத்துகளின் விவரத்தில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, 'கட்டிலில் உள்ள காய்ச்சல், இயல்புக்கு மேற்பட்ட சூடு மட்டும்' என்று சேர்க்க வேண்டும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாதியைப் பார்த்தார்.

தராசுக்கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆட்சேபணை இல்லைங்க. பாதின்னா எல்லாத்துலயும் பாதிதான்."

எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதை மறுக்க நீதிபதிக்கு விதி எதுவும் அகப்படவில்லை. மனுவை அனுமதித்தார், யாவும் சரிபாதி என்று கையெழுத்துப் போட்டார். அந்த நொடியில் வீட்டில் குழாய்ச் சொட்டு விழுந்தது, பால் அடுப்பை நனைத்தது. தையல்காரி செருப்பில்லாமல் ஓடினாள். குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது. ஓடி வந்த டாக்டர் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "நூத்தி ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. இதுக்கெல்லாம் மாத்திரையே போதும்மா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தராசுக்கடைக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். இப்போது பாதி வீடு அவருடையது. யாரும் தடுக்க முடியாது. கடையில் விற்பதிலேயே உயர்ந்த ரக வெப்பமானி கையில் இருந்தது. பல் தந்தியடிக்க அதைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார். கழுவி, குழந்தையின் வாயில் வைத்துப் பார்த்தார். சந்தேகம் தீராமல் மறுபடி தன் வாயில் வைத்தார்.

"சித்தப்பா, உங்களுக்கும் குளிருதா?" என்றது குழந்தை.

"குளிருது கண்ணு."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். பாதரசத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு இழைகூட வித்தியாசமில்ல அண்ணி," என்றார். "நீங்க நடிக்கல, நெசமாவே நடந்திருக்கு."