பதினாறாவது கரண்ட்

கணையத்துக் கட்டியை எடுத்து ஒன்பது வாரம் கழித்து அப்பாவுக்குக் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். டாக்டர் மீரா அதைக் கதிர்வீச்சு என்றுதான் சொன்னார். ஆரியசாலையில் எங்கள் சந்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மொத்தம் இருபத்தெட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, அந்த நாட்களில் மட்டும் காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணிக்குள் மாத்திரை. சனி, ஞாயிறு இரண்டும் கிடையாது. ஆபரேஷனில் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது உள்ளே இருந்தால் மாத்திரை அதைத் தளர்த்தி வைக்கும், கரண்ட் அதைக் கொல்லும், ஒன்றை விட்டு ஒன்று போனால் அத்தனை பலன் இருக்காது என்று டாக்டர் விளக்கினார். நடுவில் நாள் தவறக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் லிங்கராஜ், "ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தன் குத்துறது. அவ்வளவுதானே," என்றான். அப்பா சிரித்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை.

அப்பா கோமதிநாயகம் சாலைக் கடைத்தெருவில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியவர். ஒரு முறை தகராறில் மூட்டைக் கொக்கியை ஒருவனின் தோளில் இறக்கி இழுத்திருக்கிறார். அம்மாவின் முன்பற்கள் இரண்டு அவர் கையால் போனவை. அம்மா இறந்து ஐந்து வருடமாகிறது. அண்ணனுக்கு இடது காது கேட்காது. பதினொரு வயதில் வாங்கிய அறை. என்னை மட்டும் அவர் அடித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தொடங்கிவிடுவாரோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

இப்போது அவர் எடை நாற்பத்துமூன்று கிலோ.

நான் பகலில் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேஜையில் உட்காருகிறேன். சாயங்காலம் சட்ட வகுப்பு. அதனால் அப்பாவைக் கூட்டிப்போவது அண்ணன் பொறுப்பு, எழுதி வைப்பது என் பொறுப்பு. செய்ய வேண்டியது, கூடாதது என்று ஒரு தாளில் எழுதி அடுக்களை ஆணியில் மாட்டியிருந்தேன். ஆறாவது வரி: வயிற்றில் போட்ட மார்க்கில் சோப்பு போடக் கூடாது. கருநீல மையில் அப்பாவின் வயிற்றிலும் இரண்டு விலாவிலும் கோடு போட்டிருந்தார்கள். மெஷினை அந்தக் கோட்டில் வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். நர்ஸ் அன்று எண்ணெய், பவுடர், தேய்ப்பது என்று நிறைய சொன்னார். நான் சுருக்கித்தான் எழுதினேன்.

மூன்றாவது வாரம் அந்த மாத்திரையால் அப்பாவின் உள்ளங்கை சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. வாயெல்லாம் புண். உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை கஞ்சி சூடாக இருந்ததென்று தம்ளரோடு அண்ணன் முகத்தில் எறிந்தார். அண்ணனின் கழுத்தில் கொப்புளம் எழும்பியது. அவன் சுவரைக் குத்தினான். சுவர்க் காரை பெயர்ந்து விழுந்தது. அப்பாவை அவன் தொடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் வேலைக்குப் போயிருந்தபோது அண்ணன் நல்லெண்ணெயைக் காய்ச்சி அப்பாவுக்குத் தலை முதல் பாதம் வரை தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறான். எங்கள் வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பது எந்தக் காலத்திலும் தவறியதில்லை. உடம்புச் சூட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது சீயக்காய் வாசனை அடித்தது. அப்பா மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியும் பார்க்காமல் விட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள் என்பதால் நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன். மெஷின் அறையில் இருந்தவர் ஜெயன். நாற்பது வயதிருக்கும். அப்பாவைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும், "அண்ணாச்சி, இன்னைக்கு எத்ர மூட்டை?" என்று வழக்கம்போலக் கேட்டார். பிறகு சட்டையை விலக்கினார். சிரிப்பு நின்றது. வயிறு வழவழவென்று சுத்தமாக இருந்தது.

இன்று கரண்ட் வைக்க முடியாது என்று ஜெயன் எங்களிடம் மலையாளத்தில் சொன்னார். குறி இல்லாமல் வைத்தால் குடலிலோ ஈரலிலோ போய் விழும். மறுபடி ஸ்கேன் எடுத்துக் கோடு போட வேண்டும், அதற்கு நாளைதான் இடமிருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்தான். "சோப்புதானே போடக்கூடாதுன்னு எழுதியிருந்த? நான் சீயக்காதானே போட்டேன்." அவன் குரல் ஒரு பையனுடையது போல இருந்தது.

ஜெயன் கையிலிருந்த அப்பாவின் சிகிச்சை அட்டையை மேஜையில் வீசினார். "வீட்டில மூளை உள்ள ஆரும் இல்லே?"

அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். இரண்டாவது குத்தில் ஜெயனின் தலை இரும்புக் கதவின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. அவர் கீழே விழுந்த பிறகும் அண்ணன் நிறுத்தவில்லை, விலாவில் உதைத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன், முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினான். நாற்காலியிலிருந்து அப்பா கத்திக்கொண்டிருந்தார்: "அடில! நல்லா அடி!" பல மாதமாக அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. செக்யூரிட்டிகள் மூன்று பேர் வந்து அண்ணனைக் கீழே சாய்த்து லத்தியால் முட்டியிலும் முதுகிலும் அடித்தார்கள். தரையில் கிடந்த பல் யாருடையது என்று தெரியவில்லை. பிறகு ஜெயனுடையது என்றார்கள்.

போலீஸ் வந்தது. எஸ்.ஐ. வேலப்பன் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பார்த்ததைச் சொல் என்றார். ஆஸ்பத்திரி ஊழியரை அடித்த கேஸ், எளிதில் ஜாமீன் கிடைக்காது என்பது எனக்கு வகுப்பிலேயே தெரியும். விலங்கு போட்ட அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்றான். உதடு கிழிந்திருந்தது. "அவன்தான் முதல்ல அப்பாவத் தள்ளினான்னு சொல்லுட்டி," என்றான். அப்பா நாற்காலியை என் பக்கம் உருட்டச் சொன்னார். வாய்ப்புண்ணோடு மெதுவாகப் பேசினார்.

"லிங்கத்த உள்ள வச்சா நான் கரண்டுக்கு வரமாட்டேன். மாத்திரையும் திங்கமாட்டேன். சாவேன். யோசிச்சுச் சொல்லு."

அவர் சொன்னால் செய்வார். பதினைந்து கரண்ட் முடிந்திருந்தது, பதின்மூன்று பாக்கி. ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. நான் பொய் சொன்னால் அண்ணன் தப்பலாம், அப்பாவும் வருவார். ஜெயனுக்கு வேலை போகலாம். எதிர் அறையில் அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், முனகல் கேட்டது. வேலப்பன் பேனாவைத் தட்டினார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்பா கத்தியதையும் சொன்னேன். கையெழுத்துப் போடும்போது, இது நியாயத்துக்காகவா, அல்லது அண்ணன் என் தாளின் ஆறாவது வரியை எல்லோர் முன்னாலும் சொன்னானே, அதற்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. அப்பா என் மேல் துப்பினார். எச்சிலில் ரத்தம் இருந்தது. அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் மீரா கோபமாக இருந்தார், ஆனால் சிகிச்சையை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. காலை பத்து மணிக்குள் வந்தால் ஸ்கேன் எடுத்து, கோடு போட்டு, சாயங்காலம் வைத்துவிடலாம். வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டே கூட்டி வா என்றார். எதிர்க்கடை ஆட்கள் இரண்டு பேர் அப்பாவை மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவிட்டுப் போனார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை, மாத்திரையும் எடுக்கவில்லை, என்னுடன் பேசவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் இட்லித் தட்டைத் தள்ளினார். இரண்டாவது தடவை வைத்தபோது பசி தாங்காமல் ஒன்றரை இட்லி சாப்பிட்டார். மாத்திரையை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டார். கெஞ்சினேன். அரை மணியில் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. அவர் தாடையைப் பிடித்துத் திறந்து மாத்திரையை உள்ளே தள்ளினேன். என் விரலைக் கடித்தார். புண்ணோடு இருந்த வாயில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை; நகத்தடியில் பல் இறங்கியது. மாத்திரையைத் துப்பிவிட்டு மறு கையால் என் தலைமயிரைப் பிடித்தார்.

அறைந்தேன். முழுக் கையால், கன்னத்தில். அவர் கட்டிலில் பக்கவாட்டில் சரிந்தார். ஆபரேஷன் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டார். நான் தலையணையில் முட்டி போட்டு நின்றேன், கை மறுபடியும் ஓங்கியிருந்தது. இறங்கச் சொல்லியும் அது இறங்கவில்லை.

அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. சாலைக் கடைத்தெருவில் சண்டைக்கு வந்தவனைப் பார்ப்பது போல, எடை போடுகிற பார்வை. பிறகு வாயைத் திறந்தார். தரையிலிருந்து மாத்திரையை எடுத்துத் துடைத்து நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார்.

"செருப்ப எடு," என்றார்.

மாடிப்படி குறுகலானது, இரண்டு பேர் பக்கம் பக்கமாக இறங்க முடியாது. அவர் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் முன்னால் நின்று அவர் தோளைத் தாங்கினேன். ஆட்டோவில் வாந்தி எடுத்தார். அந்த வேளை மாத்திரையை மறுபடி கொடுக்க வேண்டாம், இரவு வேளைக்குக் கொடுத்தால் போதும் என்று நர்ஸ் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். புதுக் கோடு போட்டு, அதன் மேல் இந்த முறை ஒட்டும் தாளும் ஒட்டினார்கள்.

சாயங்காலம் மெஷின் அறையில் ஜெயன் இல்லை. அகில் என்ற இளைஞன் இருந்தான். எங்கள் பெயரைப் படித்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அப்பாவைப் படுக்கவைத்து விளக்கைச் சரி செய்தபோது குனிந்து பார்த்தான். மருந்தில் மெலிந்து போன தோல். இடது கன்னத்தில் நான்கு விரலும் சிவப்பாக எழும்பியிருந்தன.

"இது ஆரு அடிச்சது?" என்று கேட்டான். துணி சுற்றியிருந்த என் விரலைப் பார்த்தான்.

அப்பா மேலே இருந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "படியில விழுந்தேன்," என்றார்.

அகில் என் பதிலுக்காக நின்றான். நான் விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவன் என்னை வெளியே அனுப்பி, கனமான கதவைச் சாத்தினான். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பதினாறு. இன்னும் பன்னிரண்டு இருந்தன. நாளைக் காலை அவரை மறுபடி வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும்.