சின்னச் செட்டு

"தூக்காதீங்க, தூக்காதீங்க! அதை எடுத்தா கேட்டு உழுந்துரும்!"

வள்ளியாத்தாள் வாசலுக்கு ஓடிவருவதற்குள் நான்கு பேர் சேர்ந்து அந்த வெல்டிங் செட்டை ஒரு சாண் நகர்த்திவிட்டிருந்தார்கள். அதன்மேல் சாய்ந்து நின்ற கேட்டின் இடப்பக்கக் கதவு கிறீச்சென்று இறங்கியது. ஆளுக்கொரு பக்கமாக முக்கி, செட்டை மறுபடி முட்டுக் கொடுத்தார்கள்.

உள்ளே அவள் கணவர் சென்னிமலை நெற்றியில் காசோடு படுத்திருந்தார். காலையில் முகம் மழிக்க உட்கார்ந்தவர் பாதியில் சாய்ந்துவிட்டார். மீதிப் பாதியை நாவிதர் வந்துதான் முடித்தார்.

கேட்டின் கீல் போன ஆடியில் அறுந்தது. எதிர்த்த பட்டறைப் பங்காருவைக் கூப்பிடலாம் என்று அன்றைக்கே சொன்னாள். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சென்னிமலை கேட்கவில்லை. "நானே கத்துக்கிட்டுப் பத்தவெச்சுப்போடறேன் அம்மணி" என்றார். கற்றுக்கொள்ள முதலில் ஒரு செட்டு வேண்டுமே! அதைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஐப்பசி மழை ஓய்ந்துவிட்டது.

"சின்னதா, பெருசா?" என்று சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்பார்.

"பழகறதுக்குச் சின்னது போதாதுங்களா?"

"சின்னதுல பழகினா கையும் சின்னதாவே நின்னுபோகும்."

கேட்பது அவளிடம், முடிவு அவருடையது. கடைசியில் எண்ணெய் ஊற்றிய பெரிய செட்டு ஒன்றை, உடுமலைப்பேட்டைப் பக்கம் தம்பி நஞ்சுண்டனின் தோட்டத்தில், கிணற்று மோட்டார் லைனில் மாட்டிப் பார்த்தார்கள். பொறி பறந்தது. டெம்போ வைத்துத் துடியலூருக்குக் கொண்டுவந்தார். இங்கே அது உறுமக்கூட இல்லை. மோட்டாருக்கு வருவது மூன்று லைன், வீட்டுக்கு வருவது ஒன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கரண்டு என்றால் எல்லாம் ஒரே கரண்டுதான். கூடுதல் லைன் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று செட்டைக் கேட்டுக்கு முட்டுக் கொடுத்தார். தினமும் அவளுக்குச் சொல்லும் பாடம் மட்டும் நிற்கவில்லை. ராடை இப்படிப் பிடிக்கோணும், பத்தவெச்ச சூட்டுல தண்ணி ஊத்தினா வெடிச்சுப்போகும். அவள் உம் கொட்டிக்கொண்டே தோசை திருப்புவாள்.

"ஏனுங் நங்கை" என்று நஞ்சுண்டன் அண்ணியிடம் தயங்கித் தயங்கி வந்தான். "ஒத்தைக் கதவுல பாடை நொழையாதுங்க. பின்னால சந்து வழியா எடுத்துக்கலாமுங்களா?"

"குப்பை வண்டி போற சந்துலயா? அவரு கட்டின ஊடு. முன்வாசல்லதான் போகோணும்."

மகன் மனோஜ்குமார் யாரையும் பார்க்காமல் தெருவைத் தாண்டிப் போனான். சிறிது நேரத்தில் பங்காரு வந்தார். ஒரு கையில் ஒரு செட்டு, தண்ணீர்க் குடம்போலத் தொங்கியது.

"பாயிண்டு எங்கீங்க அக்கா?"

"ஊட்டு லைனு போதுமா?"

"ஹீட்டர் போடற பாயிண்டு இருந்தாப் போதுமுங்க."

வள்ளியாத்தாள் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சென்னிமலையின் தலைமாட்டில் நின்றாள்.

"கேட்டுதுங்களா? ஹீட்டர் பாயிண்டு போதுமாமுங்க."

ஒப்பாரி சட்டென்று நின்றது. அவள் அவர் முகவாயில் நாவிதர் விட்டுப்போயிருந்த சோப்பு நுரையை முந்தானையால் துடைத்தாள்.

"எல்லாரும் கண்ணைத் திருப்பிக்கங்க!" என்று வாசலிலிருந்து பங்காரு குரல் கொடுத்தார்.

பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். விளக்கு மங்கி மங்கி எரிந்தது. நீல வெளிச்சம் வாசல் வழியாக வந்து சென்னிமலையின் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. அவர் ஒருவர்தான் திரும்பிக்கொள்ளவில்லை.

அதற்குள் வெளியே தப்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய செட்டை ஓரமாகத் தள்ளியதும் கேட்டு இரண்டு பக்கமும் அகலத் திறந்தது. பாடை நேராக, எங்கும் இடிக்காமல் தெருவில் இறங்கியது. பெண்கள் கேட்டோடு நின்றுகொண்டார்கள். தப்புச் சத்தம் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் திரும்பி அடங்கியது.

நஞ்சுண்டனின் மனைவி பூவாத்தாள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். கேட்டில் அப்பியிருந்த பூவையும் சேர்த்துக் கழுவக் குடத்தைச் சாய்த்தாள்.

வள்ளியாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதும்மேல ஊத்தாத கண்ணு. பத்தவெச்ச சூடு இன்னும் ஆறல. வெடிச்சுப்போகும்."

பூவாத்தாள் குடத்தைத் தணித்துத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் கீலைத் தொடாமல், பெரிய செட்டைச் சுற்றிக்கொண்டு, பூக்களோடு தெருவுக்கு ஓடியது.