விரிசலின் நிறம்

'தொம்!'

வாசலில் எழுந்த சத்தத்தில், அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாள் பொற்கொடி. கூரியர்காரர் ஆட்டோவிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார். இறக்கி வைத்தார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

"ஏங்க, மெதுவா வைக்கக் கூடாதா? உள்ள மிஷின் இருக்குது!"

"மெதுவாத்தான்க்கா வெச்சேன். கனம் அப்படி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பொற்கொடி கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலேயே, 'பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை' என்று ஒரு வரியும் எழுதினாள்.

"இதெல்லாம் யாருமே எழுத மாட்டாங்கக்கா."

"நான் எழுதுவேன்."

ஓசூர் சிப்காட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வெளியிலிருந்து வரும் வார்ப்புகளைப் பரிசோதித்து உள்ளே விடுவதோ திருப்பி அனுப்புவதோ அவள் பொறுப்பு. ஒன்பது வருஷப் பழக்கம், வீட்டு வாசலிலும் விடவில்லை.

ஆட்டோ நகர்வதற்குள் மகளிர் குழு கூடிவிட்டது. பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோலும் இரண்டு தாள் கன்னடப் பேப்பரும் இருந்தன. அவற்றின் நடுவே வெளிர் பச்சைப் பெயின்ட் அடித்த கேக் மிக்ஸர் கழுத்து முறிந்து கிடந்தது. மோட்டார் இருக்கும் தலை ஒரு பக்கம், நிற்கிற தண்டு ஒரு பக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கம்பெனி கேன்டீன் மேனேஜர் ரத்தினவேல், மாலை டீக்கு முந்நூறு துண்டு கேக் சாம்பிள் கேட்டிருந்தார். பிடித்தால் தினசரி ஆர்டர். கையால் அடித்துப் பார்த்ததில், நூறு துண்டு தேறுவதற்குள் ஆறு பெண்களுக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது. புது மிஷின் எட்டாத உயரத்தில் இருந்தது. இன்டர்நெட்டில் பழைய சாமான் ஏலம் போடும் பக்கத்தில் இதைப் பார்த்தவள் பொற்கொடிதான். நாற்பது வருஷத்துக்கு முந்திய மாடல், உள்ளே அத்தனையும் இரும்புப் பல்சக்கரம். 'நான் பொறுப்பு' என்று சொன்னவளும் அவள்தான்.

குழுத் தலைவி முனிலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "கம்ப்யூட்டர்ல படம் பார்த்து மாடு வாங்குவியாடி நீ? மிஷின் மட்டும் வாங்கினியே!"

பொற்கொடி பெங்களூருக்குப் போன் போட்டாள். விற்றவர் பெயர் ஹரீஷ்குமார்.

"கூரியர்ல உடைஞ்சிருக்கும் மேடம். அதுக்கு நான் என்ன பண்றது? பழைய சாமான் இல்லையா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

கூரியர் ஆபீசில் கேட்டால், "பேக்கிங் சரியில்லம்மா. எங்க பொறுப்பில்ல" என்றார்கள்.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுறாங்க. நடுவுல நாமதான் நிக்கிறோம்" என்றாள் முனிலட்சுமி. "வெள்ளிக்கிழமை வரமாட்டோம்னு மேனேஜர்கிட்ட சொல்லிடவா?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா."

அன்று மத்தியானம் முறிந்த தண்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவன் ஜெகதீஷ் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கண்ணாலயே ஒட்ட வைக்கப் போறியா?"

"இங்க பாருங்க." முறிந்த முகத்தைக் காட்டினாள். "இந்தப் பாதி எப்படி இருக்குது?"

"வெள்ளி மாதிரி மின்னுது."

"இந்தப் பாதி?"

ஜெகதீஷ் சாப்பிடுவதை நிறுத்தினான். "கருப்பா, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி…"

"நேத்து உடைஞ்சது மின்னும். என்னைக்கோ விரிஞ்சதுதான் இப்படிக் கருத்துக் கிடக்கும். தினம் இதைத்தான பாத்துச் சம்பளம் வாங்குறேன். பாதிக் கழுத்து போன மிஷினை அனுப்பியிருக்கான். கூரியர்ல மிச்சப் பாதி போச்சு." நகத்தால் பச்சைப் பெயின்டைச் சுரண்டினாள். அடியில் வெள்ளையாகப் புட்டி உதிர்ந்தது. "விரிசல் தெரியாம இருக்கப் பூசின பூச்சு."

குழுவில் அருணாவின் போனில் கேமரா இருந்தது. ஆறு படம் எடுத்தார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கம்பெனியில் சப்ளையருக்கு அனுப்பும் அதே படிவத்தில் பொற்கொடி ரிப்போர்ட் தயாரித்தாள். பாகத்தின் பெயர். எண்ணிக்கை, ஒன்று. முடிவு, நிராகரிக்கப்பட்டது. அதன் கீழே, கம்பெனி வழக்கப்படி 'ஏன்' கேள்விகள்.

ஏன் உடைந்தது? கழுத்தில் ஏற்கெனவே விரிசல் இருந்தது.

ஏன் விரிசல் தெரியவில்லை? மேலே புட்டி பூசியிருந்தது.

ஏன் புட்டி பூசப்பட்டது? இதற்கு அனுப்பியவர் பதில் எழுதவும்.

"அவன் என்ன உங்க கம்பெனி சப்ளையரா, இதுக்கெல்லாம் பயப்பட?" என்று சிரித்தான் ஜெகதீஷ்.

ஈமெயிலை அனுப்பியதோடு அவள் நிற்கவில்லை. அந்த ஏலப் பக்கத்தில் ஹரீஷ்குமார் கடைக்குக் கீழே, வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்தில், கருத்த பாதி பளிச்சென்று தெரியும் படத்தையும் போட்டாள்.

திங்கள்கிழமை ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. சாயங்காலம் முனிலட்சுமி, கேன்டீனுக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அப்போதுதான் பொற்கொடியின் போன் அடித்தது.

"என்ன மேடம் இப்படி எழுதிட்டீங்க! படத்தைப் பார்த்து ரெண்டு பேர் ஆர்டர் கேன்சல் பண்ணிட்டாங்க!"

"மூணாவது கேள்விக்குப் பதில் எழுதலையே நீங்க?"

"வேற மிஷின் அனுப்பறேன் மேடம். நாளைக்கே கூரியர்ல…"

"கூரியர் வேண்டாம். நீங்களே கொண்டாங்க. நாளன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள."

வியாழக்கிழமை எட்டரைக்கே தெருமுனையில் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஹரீஷ்குமார் ஒல்லியான மனிதர். அத்திப்பள்ளி நெரிசலைத் திட்டிக்கொண்டே ஒரு பச்சை மிக்ஸரைத் தூக்கி வந்து வைத்தார்.

"புதுசு மாதிரி இருக்கு பாருங்க மேடம்."

பொற்கொடி பெயின்டைப் பார்க்கவேயில்லை. திருகைக் கழற்றித் தலையைத் தனியே எடுத்து வைத்தாள். தண்டை மட்டும் ஒரு கையில் தொங்கவிட்டு, இன்னொரு கையால் தோசைக் கரண்டிக் காம்பை வைத்துத் தட்டினாள்.

'தட்.'

"சத்தம் செத்திருக்குது, உள்ள விரிசல். இது வேண்டாம். அடுத்ததைக் காட்டுங்க."

"அடுத்ததா? ஒண்ணுதான் மேடம் கொண்டாந்தேன்."

"அப்புறம் எதுக்கு டிக்கியை முதுகால மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

குழுவே சிரித்தது. ஹரீஷ்குமார் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தார். இரண்டாவது மிஷினில் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. பொற்கொடி அதையும் கழற்றித் தட்டினாள்.

'டிங்ங்ங்…'

கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. மறுபடி பூட்டி, பிளக்கைச் சொருகினாள். மாவுக் கலவையில் துடுப்பு சீராகச் சுற்றத் தொடங்கியது.

முனிலட்சுமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய் பொற்கொடி! எங்க வீட்டுப் பொண்ணுக்கு வர்ற மாப்பிள்ளையையும் நீயே ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிடும்மா!"

அன்று முழுக்க மிஷின் ஓய்ந்தது நான்கே முறை, அதுவும் கிண்ணத்தை வழிக்க மட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை. கேன்டீனில் ஷிஃப்ட் மாறும் நேரம். முந்நூறு துண்டும் இருபது நிமிஷத்தில் காலி. ஒரு வெல்டர் காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?" என்று சண்டைக்கு வந்தார். ரத்தினவேல் தனக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை அவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

"திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் கொண்டாந்துடுங்கம்மா" என்றார். "முந்நூறு பத்தாது. நானூறு."

கேட்டைத் தாண்டும் வரை ஆறு பேரும் அடக்கமாக நடந்தார்கள். தாண்டியதும் முனிலட்சுமி காலி டப்பாவை மேளமாக்கிவிட்டாள். அந்த ஆரவாரத்தில் பொற்கொடியின் போன் அடித்தது அவளுக்கே தாமதமாகத்தான் கேட்டது.

"மேடம், நான் ஹரீஷ்குமார். நல்ல மிஷின் குடுத்துட்டேனே, அந்தப் படத்தை இனி எடுத்துடுங்க."

"எடுக்கிறேன். மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஏன் புட்டி பூசினீங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"பதினோரு மிஷின் அப்படிப் பூசித்தான் அனுப்பியிருக்கேன் மேடம். கூரியரைத் திட்டாம, உடைஞ்ச இடத்தைப் பார்த்த மொத ஆளு நீங்கதான்."