எல்லோருக்கும் பாபி

அன்று காலை இம்தியாஸ் இன்னொரு தோசை கேட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான். "ஊத்து புள்ள. சட்னி என்ன, உங்க அத்தா வூட்டுக் காரம்? காது அடைக்குது," என்றான், கூடத்தில் இருந்த அம்மாவுக்குக் கேட்காத குரலில். பெரம்பலூரில் அந்த வீட்டுக்குள் உருதுதான் பேச்சு. தவுலத்தோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவள் புருஷன்தான். அதுவும் அடுப்படிக்குள் மட்டும். தின்றுவிட்டுப் பாடாலூரில் இருக்கும் தன் டயர் கடைக்கு வண்டியை எடுத்தான். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் லாரி அடித்துவிட்டது.

புருஷனின் மய்யித்துக்குப் பக்கத்தில், "என்னய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று தவுலத் கதறினாள். நாத்தனார் ஷாஹீன் அவள் தோளை அழுத்தினாள். "தமிழ்மே நக்கோ ரோ பாபி." தமிழில் அழாதே என்று. ஷாஹீனுக்குத் தமிழ் நன்றாக வரும்; மீன்காரியிடம் பேசுவாள், ஆட்டோக்காரனிடம் சண்டையே போடுவாள். அண்ணியிடம் மட்டும் பேசமாட்டாள். தவுலத் துப்பட்டி நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். மாமியார் குல்ஷாத் பேகம் உருதுவில் தெரு கேட்க அழுதார்; அதை யாரும் தடுக்கவில்லை.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும், தங்கையையும் அவள் மகள் அர்ஷியாவையும் அழைத்துப்போக அரியலூரிலிருந்து அண்ணன் பக்கீர் வந்தார். "அவ போவட்டும். புள்ள எங்க ரத்தம்," என்றார் குல்ஷாத் பேகம். பேச்சு பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போனது. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள்.

"பொம்பளப் புள்ள தாய்கிட்டத்தான் இருக்கணும்," என்றார் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்.

"எந்தத் தாய்கிட்டன்னு புள்ளயையே கேளுங்களேன்," என்றார் குல்ஷாத் பேகம்.

தவுலத்துக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் பாபி, அதாவது அண்ணி. மாமியார்தான் எல்லோருக்கும் அம்மீ, அம்மா. கேட்டதைத்தானே குழந்தை பிடித்துக்கொள்ளும்? அர்ஷியா முதன்முதலில் அவளைப் பாபி என்று கூப்பிட்டபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இம்தியாஸ் சிரித்தான். தவுலத்தும் சிரித்தாள். பிறகு திருத்தப் போனபோது, உன் தமிழ் புள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், விடு என்று உருதுவில் அதட்டினாள் ஷாஹீன். தவுலத்தும் விட்டுவிட்டாள்.

ஜமாஅத் தலைவரான முத்தவல்லி, ஆண்கள் பக்கம் நின்ற குழந்தையிடம் குனிந்து, உன் அம்மீ எங்கே என்று உருதுவில் கேட்டார். நாலு வயது அர்ஷியா திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தவுலத் நீட்டிய கைகளைத் தாண்டிப் போய்க் குல்ஷாத் பேகத்தின் மடியில் ஏறிக்கொண்டாள். "யே அம்மீ!"

"அப்ப அது யாரு?" என்று தவுலத்தைக் காட்டிக் கேட்டாள் ஷாஹீன், தேன் ஒழுகும் உருதுவில்.

"பாபி."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"நாந்தாங்க பெத்தவ!" என்று தவுலத் கத்தினாள்.

"பொம்பள சத்தம் வெளிய கேக்குது பாருங்க," என்றது ஒரு கிழக்குரல்.

ஹஜ்ரத் மறுபடி வாயெடுத்தார். முத்தவல்லி கையமர்த்தினார். "பெத்தது யாருன்னு எங்களுக்குத் தெரியும்மா. ஒட்டுதல் எங்கன்னுதான் பாத்தோம். எப்ப வேணா வந்து பாத்துட்டுப் போ."

மகள் இல்லாமல் அண்ணனோடு அரியலூருக்குப் போன தவுலத், அங்கிருந்து பாக்கப் போனாள். கதவு திறக்கவில்லை. மறுபடியும் போனாள்.

ஒரு மத்தியானம் ஷாஹீன் போன் செய்தாள், சுத்தமான தமிழில். "பாபி, இவ தலைவாரவே விடமாட்டேங்குறா. நீங்க எப்படி வாருவீங்க?"

"கீழேருந்து கொஞ்சம் கொஞ்சமா சிக்கெடுங்க. மேலேருந்து இழுத்தா வலிக்கும் அவளுக்கு."

"அவ்வளவுதானா? சரி."

"புள்ளகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

போன் அணைந்திருந்தது.

தவுலத் மறுபடியும் கிளம்பினாள். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரே பஸ். எங்கும் இறங்கி மாற வேண்டியதில்லை.