ஞாயிற்றுக்கிழமை ஸ்வரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் சிந்தசைசர் ஒழுங்காக இருந்தது. ஒரு ஸ்வரத்தைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்தாலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து சுவிட்சைப் போட்டால் அதே ஸ்வரம் நடுங்கும்.

சிந்தசைசர் என்றதும் கடையில் விற்கும் கீபோர்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் நானே பற்றவைத்த சர்க்யூட் போர்டுகள், சில குமிழ்கள், நிறைய ஒயர்கள். அது ஒலி எழுப்பும் விதம் எளிமையானது. கெப்பாசிட்டர் என்ற சின்ன வில்லையை ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அதில் கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. விளிம்பைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் அந்த வாளியைச் சட்டென்று கவிழ்க்கிறது. மறுபடி நிறைகிறது, மறுபடி கவிழ்கிறது. ஒரு நொடிக்குள் இது சில நூறு தடவை நடந்தால், ஸ்பீக்கரின் காகிதம் அதே வேகத்தில் முன்னும் பின்னும் போகும். நம் காதுக்கு அது ஒரு ஸ்வரம். குமிழ்தான் குழாய். அதிகமாகத் திறந்தால் வாளி வேகமாக நிறையும், ஸ்வரம் ஏறும். குறைத்தால் இறங்கும்.

இதை நான் ஒருவரிடம்தான் கடைசிவரை சொல்லி முடித்திருக்கிறேன். திருப்பூரில், பனியன் துணியைத் துவைத்தால் சாயம் போகிறதா என்று பார்க்கும் லேபில் என்னோடு வேலை பார்த்த ஜோதிகா. சாத்தான்குளத்துப் பெண். மதியம் சாப்பாட்டு நேரத்தில், “என்னத்தக்கா எப்பவும் போன்ல சர்க்யூட் படமா பாத்துட்டு இருக்கீக?” என்று கேட்டாள். சொன்னேன். வாளி கவிழும் இடத்தில் எல்லோரும் தட்டைக் கழுவ எழுந்துவிடுவார்கள். அவள் எழவில்லை. “கவுந்த பெறகு?” என்றாள்.

அவள் பீக்கர் கழுவும்போது ஒரு ராகத்தை முணுமுணுப்பாள். வார்த்தை கிடையாது, அவளாகப் பின்னிக்கொண்டது. அதற்கு அடியில் என் பலகை ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பாட, நான் குமிழில் கை வைத்து அவள் போகும் இடத்துக்குக் கூடவே போக, ஒருமுறையாவது பதிவு செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டு ஊருக்குப் போகிறாள். கல்யாணம்.

ஒரு புதன்கிழமை மாலை வேலை முடிந்து என்னோடு சாமளாபுரம் வந்தாள். விவாகரத்துக்குப் பிறகு நான் அங்கேதான், ஈஸ்வரமூர்த்தி அண்ணனின் தறிக்கொட்டகைக்கு மேலே இருக்கும் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். நான் பிறந்ததும் அதே ஊர்தான்.

உள்ளே வந்ததும் ஜோதிகா காதைப் பொத்திக்கொண்டாள். “ஏக்கா, இந்தச் சத்தத்துல எப்பிடி இருக்கீக?”

“எந்தச் சத்தம்?”

அவள் தரையைக் காட்டினாள். “தறிக்கா. உங்களுக்குக் கேக்க மாட்டுக்கா?”

“அதா. அது பாட்டுக்கு ஓடும். நீ வா, உக்காரு.”

பலகையைப் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். இரண்டு மூச்சுக்குள் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“என்னக்கா, கொடைக்கானல்ல ஸ்வெட்டர் இல்லாம நிக்கிற மாதிரில்லா நடுங்குது. நான் பிடிக்கப் போனா நழுவுது.”

“வோல்டேஜ் பத்தாம இருக்குமாட்ட இருக்குது. தறி ஓடற நேரம் பாரு. ஞாயித்துக்கெழமை வந்தீன்னா நல்லா நிக்கும்.”

“ஞாயித்துக்கெழமை எனக்கு மாதா கோயில்ல பூசை, பாட்டுக் குழு, பெறகு பிள்ளேளுக்கு மறைக்கல்வி. அது முடிஞ்சு ஓடுனாத்தான் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுறதுக்குள்ள போவ முடியும்.”

ஸ்வரத்தை ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்து வைத்து, அவளை அதன்மேல் பாடச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அப்படியென்றால் அவள் ஹாஸ்டலில் இருந்தே பாடி அனுப்பிவிடலாம். என் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. “அடுத்த புதன்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்” என்றேன். பஸ் ஸ்டாப்பில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அவள் டீ குடித்த டம்ளர் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. என் வீட்டில் இரண்டு டம்ளர் வெளியே இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பழுது தேடும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றக்கூடாது. மாற்றினால் சரியாகும், எதனால் சரியானது என்று தெரியாது. அதனால் சந்தேகப்பட்டதை ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் வோல்டேஜ். பலகையை வீட்டுக் கரண்டிலிருந்து பிரித்து பேட்டரியில் ஓட்டினேன். நடுக்கம் போகவில்லை. அடுத்தது சூடு. மின்விசிறியை நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தேன். ஸ்வரம் மெதுவாக நகர்ந்ததே தவிர நடுக்கம் அப்படியே இருந்தது. ஈயப்பற்றுகளில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகமான இடங்களை மறுபடி பற்றவைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஊருக்கே கரண்ட் போனது. பலகை பேட்டரியில் இருந்ததால் ஸ்வரம் நிற்கவில்லை. நடுக்கம் மட்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை போல நேராக, ஒரு கோடு போட்டதுபோல நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

படியில் செருப்புச் சத்தம். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் கையில் டார்ச்சோடு வாசலில் நின்றார்.

“ஏனுங் அம்மிணி, கரண்ட் இல்லாம எதுங்க ஓடுது? மோட்டார்தான் நிக்காம கெடக்குதுன்னு மெயினைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பாத்துட்டனுங்க.”

“என்னுதுங்ண்ணா. பேட்டரில ஓடுது.”

அவர் பலகையின்மேல் வெளிச்சம் அடித்தார். “என்னத்துக்குங்க இது?”

“பாட்டுக்குங்க.”

“பாட்டா?” கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார். “ஒரே எடத்துல நிக்குதுங்களே.”

“நிக்க வெக்கத்தானுங்க இத்தனை பாடு.”

“சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எப்படி நிற்கிறது என்று அவர் கேட்டிருந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே வாளியில் இருந்து தொடங்கியிருப்பேன்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன்: கீழே ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் போனதால் தறிகள் நின்றிருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் தறிகளுக்கு விடுமுறை. பென்சிலை எடுத்து, அதன் பின்புறத்தால் கெப்பாசிட்டரை மெல்லத் தட்டினேன். ஸ்வரம் துள்ளியது. பக்கத்தில் இருந்த மற்ற பாகங்களைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கெப்பாசிட்டர். மறுபடி துள்ளல்.

விஷயம் இதுதான். நான் போட்டிருந்தது செராமிக் வில்லை. சிலவகைச் செராமிக்குக்கு ஒரு குணம் உண்டு: அதை அமுக்கினால் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், அது கொள்ளும் அளவும் லேசாக மாறும். அதாவது என் வாளி ரப்பர் வாளி. கீழே தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் பாயும் நாடா ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தரை அதிர்கிறது, மேசை அதிர்கிறது, வாளி நெளிகிறது. வாளியின் அளவு மாறினால் ஸ்வரமும் மாறும். வோல்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜோதிகா வாசலில் கால் வைத்த உடனே சுட்டிக்காட்டியது இதைத்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறி கேட்காது. ஒரு தறி நின்றால் கேட்கும், பேரிங் தேய்ந்தால் கேட்கும், ஓடுவது கேட்காது. அவளுக்குப் பதிலாகச் சாமளாபுரத்துக்காரர் யாராவது வந்திருந்தால், என்னோடு உட்கார்ந்து அவரும் வோல்டேஜைத்தான் குறை சொல்லியிருப்பார்.

தீர்வு சுலபம். பிளாஸ்டிக் படலத்தைச் சுருட்டிச் செய்த கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். அது அதிர்ச்சியை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஆனால் திருப்பூரில் கெப்பாசிட்டர் என்று கேட்டால் மோட்டாருக்குப் போடும் உருளையை எடுத்து வைக்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். அது வரும்வரை சும்மா இருக்க முடியாமல், ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக் பட்டையை வாங்கிவந்து பலகையை உத்தரக் கொக்கியில் தொங்கவிட்டேன். இந்த ஊரில் எலாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லை. தறியின் அதிர்வு பெரும்பாலும் மேலே ஏறவில்லை. ஆனால் நான் குமிழைத் தொட்டதும் பலகை தூளிபோல ஆடியது, ஒயர்கள் இழுபட்டன. குமிழைத் தொட முடியாவிட்டால் அவள் பின்னால் எப்படிப் போவது? அவிழ்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் பழுதைக் கண்டுபிடித்த கதையை ஜோதிகாவிடம் சொன்னேன். பென்சிலால் தட்டிய இடத்தில் அவள் தலையசைத்தாள், ஆனால் சாப்பிடவில்லை.

“அக்கா, அப்பா போன் போட்டாவ. வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல கல்யாண அறிவிப்பு, மொத ஓலை வாசிக்காவளாம். அதுக்குள்ள பிள்ளை ஊருக்கு வந்துரணும்ங்காவ. நாளைக்கே பஸ்.”

“மாசக் கடைசின்னியே.”

“மாப்பிள்ளைக்கு லீவு முன்னாடியே கெடச்சிருக்காம்.” பிறகு, “புதன்கிழமைக்கு வச்சிருந்தமேக்கா” என்றாள்.

“பரவால்ல. பார்ட்டே இன்னும் வரல.”

புதன்கிழமை பீக்கர்களை வேறொரு பெண் கழுவினாள். அவள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை.

பார்ட் சனிக்கிழமை வந்தது. பழைய வில்லையின் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதைப் பொருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சோதிப்பதில் அர்த்தமில்லை. திங்கட்கிழமை மாலை, தறிகள் முழு வேகத்தில் ஓடும்போது போட்டேன். நின்றது. மேசையைத் தட்டினேன், நின்றது. தரையில் குதித்துக்கூடப் பார்த்தேன். வார நாளில், ஆட்கள் வரக்கூடிய ஒரு மாலையில், முதல் முறையாக அது நேராக நின்றது.

ஜோதிகாவுக்குப் போன் செய்தேன். அவள் குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம்.

“சரியாயிடுச்சு. கேளு” என்று போனை ஸ்பீக்கருக்கு எதிரே வைத்தேன். சற்றுப் பொறுத்து, “எப்படி?” என்றேன்.

“போட்டுட்டீகளாக்கா? மொதல்ல இம்முன்னு ஒண்ணு வந்துச்சு. பெறகு ஒண்ணுமே கேக்க மாட்டுக்கு. நீங்க பேசுறது நல்லா கேக்குது. தறி லீவா?”

“இல்ல, ஓடுது.”

“அதுவும் கேக்கலக்கா.”

போன் மனிதர் பேசுவதற்காகச் செய்தது. பேச்சு ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். மாறாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை அது மின்விசிறி, மோட்டார் என்று முடிவு செய்து நீக்கிவிடுகிறது. முதல் நொடி மட்டும் தப்பிக்கும். அதற்குள் அது கணக்கிட்டுவிடும். என் ஸ்வரம் அசையாமல் நின்றதால்தான் அவளிடம் போய்ச் சேரவில்லை. பதிவு செய்து அனுப்பலாம். கல்யாண வேலைகளுக்கு நடுவே என்றைக்காவது கேட்பாள்.

“இரு, வெச்சிராத” என்று குமிழைப் பிடித்தேன். ஒரு துளி ஏற்றினேன், ஒரு துளி இறக்கினேன்.

“ஆங், இப்ப வருதுக்கா.”

கையை எடுத்தேன்.

“சத்தம் போயிட்டுக்கா.”

மறுபடி பிடித்துத் திருப்பினேன். அவள் மெல்லத் தன் ராகத்தைத் தொடங்கினாள். அவள் குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிவதற்குள் அவள் அங்கிருந்து போயிருந்தாள். இருந்தாலும் நான்கைந்து இடத்தில் சேர்ந்தோம்.

“பிள்ளே, மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருக்காவ” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“ஒரு நிமிசம்க்கா, வச்சிராதீக” என்று ஜோதிகா போனை எங்கோ வைத்தாள். நாற்காலிகள் இழுபட்டன, சிரித்தார்கள், பிறகு அந்தச் சத்தமும் தள்ளிப் போனது. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது; இணைப்பு இருந்தது. அந்த அறையில் யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்தால் கேட்கட்டும் என்று, குமிழை ஏற்றியும் இறக்கியும் திருப்பிக்கொண்டே நின்றேன்.